இரண்டாவது கப்பல்: பழவேற்காட்டிலிருந்து பார்த்தால் தெரியும் வல்லரசு அரசியல்

(திருப்பாலைவனத்தில், பழவேற்காட்டுக் குப்பத்தாரும் ஆசிரியர்களும் வந்திருந்த அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



“வல்லரசும் அண்டை நாடுகளும்” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். டெல்லியில் பேசவேண்டியதைத் திருப்பாலீஸ்வரர் கோயில் ஊரில் வந்து பேசுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த ஊரைத் தாண்டிப் போகிற சாலை பழவேற்காட்டில் முடிகிறது. 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், கிருஷ்ணா ஆற்று முகத்திலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுதான். வேலூருக்கும் செஞ்சிக்கும் கோல்கொண்டாவுக்கும் அங்கிருந்து தூது போயிற்று. கண்டி அரசன் உதவி கேட்டு எழுதிய ஓலை அங்கேதான் வந்து சேர்ந்தது. ஒரு பெரிய சக்தி சின்ன அரசுகளுக்கு நடுவே எப்படிச் செல்வாக்குப் பெறுகிறது, எப்படி இழக்கிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வல்லரசின் செல்வாக்கை அளக்க அதன் பீரங்கியையோ பணப்பெட்டியையோ எண்ணினால் போதாது. கரையில் நிற்கும் சிற்றரசனின் கண்ணுக்கு இரண்டாவது கப்பல் ஒன்று தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தெரிந்தால் அவன் பேரம் பேசுவான். தெரியாவிட்டால் கையெழுத்துப் போடுவான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

1. முதலில் இந்தக் கரையின் கதை. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்தது. அதன் பின் எஞ்சிய அரசு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்துகொண்டே வந்தது. செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் பெயருக்கு அடங்கியவர்கள். கப்பம் கட்டுகிற ஆண்டும் உண்டு, கட்டாத ஆண்டும் உண்டு. வடக்கே கோல்கொண்டா காத்திருந்தது. கடலில் மட்டும் ஒரே ஒரு கப்பல், போர்த்துகீசியருடையது. சாந்தோமில் அவர்கள் ஊன்றியிருந்தார்கள். அவர்களுடைய கர்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றிய சரக்கு பறிபோகும். அப்போதைய விஜயநகர மன்னர் வேங்கடபதியின் அவையில் ஏசு சபைக் குருமாரும் இருந்தார்கள்.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. அதற்குத் தேவைப்பட்டது துணி. மொலுக்கஸ் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் வெள்ளியைக் கொடுப்பதைவிடச் சோழமண்டலத்துத் துணியைக் கொடுத்தால் வியாபாரம் சுலபமாக முடிந்தது. அதனால் 1606க்குள் மசூலிப்பட்டினத்துக்கு வந்துவிட்டார்கள். 1608இல் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இடம் கேட்டார்கள். செஞ்சி நாயக்கர் சம்மதித்தார். போர்த்துகீசியர் உடனே முட்டுக்கட்டை போட்டனர். டச்சுக்காரருக்கு இடம் தரவேண்டாம் என்று வேங்கடபதியிடமிருந்தே செஞ்சிக்கு உத்தரவு போகச் செய்தார்கள். ஒரு வெடிகூட வெடிக்காமல் வந்த உத்தரவு அது. செல்வாக்கு என்பதன் சுத்தமான வடிவம் இதுதான்: தான் செய்யவேண்டிய வேலையை அடுத்தவன் கையெழுத்தால் செய்துமுடிப்பது.

இரண்டே ஆண்டில் அதே வேங்கடபதி, 1610இல், பழவேற்காட்டை டச்சுக்காரருக்குத் திறந்துவிட்டார். சுங்கம் நூற்றுக்கு 2. வேறு ஐரோப்பியர் அங்கே வியாபாரம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அவர் மனம் மாறியது எப்படி? போர்த்துகீசியர் மீது திடீரென வெறுப்பு வந்தது என்று நான் நம்பவில்லை. ஒரே கப்பல் நின்ற வரையில் சாந்தோம்காரர் வைத்ததுதான் விலை, சொன்னதுதான் சட்டம். இரண்டாவது கப்பல் பொய்யில்லை என்று தெரிந்ததும், முதல் கப்பலைத் தட்டிவைக்க அது உதவும் என்று கிழவர் கணக்குப் போட்டார். உள்ளூர்க்காரர் யாரும் இதைத் துரோகமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. சாந்தோமில் மட்டும் அப்படிப் பார்த்தார்கள்.

1612இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். அடுத்த ஆண்டு வெம்மர் வான் பெர்கம் என்ற டச்சு அதிகாரி அங்கே கோட்டையை எழுப்பித் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்து அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். இதில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பழவேற்காடு அப்போது வேங்கடபதியின் அரசியருள் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. கோட்டை வேலையை ஆரம்பித்தவர் அந்த அரசிதான், டச்சுக்காரர் அதை முடித்தார்கள். சிற்றரசு தன் காசைப் போட்டு வல்லரசுக்குக் கோட்டை கட்டிக்கொடுக்க முன்வருகிறதென்றால், அதற்குள் யார் யாரைப் பயன்படுத்தினார்கள் என்பது நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவாக இல்லை.

1614இல் வேங்கடபதி இறந்தார். வாரிசுச் சண்டை ஆரம்பித்தது. ஜக்கராயர் ஒரு பக்கம், யாச்சம நாயக்கர் ஒரு பக்கம். காவிரிக் கரையில் தோப்பூரில் பெரும்போர். உள்ளே எத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்களோ, கோட்டைக்குள் இருப்பவனுக்கு அத்தனை வசதி. ஆனாலும் முப்பது ஆண்டுகள் கழியும் முன்னே டச்சுக்காரருக்கும் எதிராக இரண்டாவது கப்பல் வந்து சேர்ந்தது. 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டேயைக் கூப்பிட்டு மதராசப்பட்டினத்தில் இடம் கொடுத்தார். நாயக்கருக்குப் பாரசீகக் குதிரை வேண்டும், துறைமுகச் சுங்கத்தில் பாதி வேண்டும், பழவேற்காட்டில் டச்சுக்காரர் கொழிப்பதைப்போலத் தன் ஊரும் கொழிக்கவேண்டும். கோட்டையை அவர் செலவில் கட்டித்தருவதாகப் பேச்சு. பிறகு அந்தப் பணம் வரவில்லை. ஆங்கிலக் கம்பெனி தன் காசில் கட்டிக்கொண்டது. அந்த நாயக்கரின் சகோதரருள் ஒருவரான அங்கபூபாலன் எழுதிய தெலுங்குக் காவியம் உஷாபரிணயம். பிரளயகாவேரி டச்சுக்காரருக்கும் மயிலாப்பூர்ப் போர்த்துகீசியருக்கும் ஓயாத சண்டை நடந்ததால், இருவருக்கும் நடுவில் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டினத்தைத் தன் சகோதரர் அய்யப்பர் உண்டாக்கினார் என்று அதில் சொல்கிறார். பிரளயகாவேரி என்பது பழவேற்காடுதான். ஆக, சென்னை மாநகரமே ஒரு நாயக்கக் குடும்பம் போட்ட இரண்டாவது கப்பல் கணக்கில் பிறந்தது. (இதை வேளச்சேரியில் மனை வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.)

2. செல்வாக்கு ஓலையில் எழுதப்படுகிறது, ஆனால் நடப்பது கரையில். பழவேற்காட்டில் கப்பல் ஏரிக்குள் வராது, முகத்துவாரத்தில் ஆழம் கிடையாது. இன்றும் மணல் அடைத்துக்கொண்டால் படகு போகமுடியாமல் நீங்கள் படும் பாடு ஊருக்கே தெரியும். அன்றைய டச்சுக் கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகு அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கவேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் தரைதட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். படகோட்டி வரமாட்டேன் என்றால் கம்பெனியின் பருவக்காற்றுக் கணக்கே தப்பிப்போகும்.

கரையில் இன்னொருவரும் இருந்தார்: தரகர். அச்சுதப்ப செட்டி, அவர் தம்பி சின்னண்ண செட்டி ஆகியோரின் பெயர்கள் டச்சு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. மலையா என்று அந்தக் குடும்பத்தைக் குறிப்பிட்டார்கள். நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பது, ஊர்களை வரிக் குத்தகைக்கு எடுப்பது, சொந்தக் கப்பல் ஓட்டுவது, ஆயுதம் ஏந்திய ஆட்களை வைத்துக்கொள்வது எல்லாம் அவர்கள் வேலை. நாயக்கருக்கும் கம்பெனிக்கும் மனத்தாங்கல் வந்தால் சமாதானம் பேசுவதும் அவர்களே. ஒரே ஆள் தரகராகவும் தூதராகவும் சிற்றரசனுக்குக் கடன் கொடுப்பவராகவும் இருந்தார். வல்லரசின் தூதரகம் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால், கெல்ட்ரியாவைக் காட்டாதீர்கள். செட்டியார் வீட்டுத் திண்ணையைக் காட்டுங்கள்.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையிலிருந்து மக்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். ஆயிரக்கணக்கில். அப்போது எந்த நாயக்கரும் கம்பெனியைத் தட்டிக்கேட்டு உடன்படிக்கையை முறித்ததாக நான் படித்ததில்லை. பேரத்தில் குதிரை இருந்தது, சுங்கம் இருந்தது, கோட்டை இருந்தது. ஏற்றப்பட்டவர்கள் இல்லை. இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

3. இரண்டாவது கப்பலைக் கூப்பிடுவது எளிது. முதல் கப்பலை எந்த அளவுக்கு அனுப்புவது என்பதில்தான் சிற்றரசுகள் கவிழ்ந்தன. இதற்குக் கண்டியின் இரண்டாம் ராஜசிங்கனைவிட நல்ல சாட்சி கிடையாது. கதை பழவேற்காட்டில்தான் தொடங்குகிறது.

இலங்கைக் கரையெல்லாம் போர்த்துகீசியர் கையில் இருந்தது. மலைநாட்டுக் கண்டி மட்டும் தனியாக நின்றது. 1636 செப்டம்பரில் ராஜசிங்கன் பழவேற்காட்டு டச்சு ஆளுநருக்கு ஓர் ஓலை எழுதி ஒரு பிராமணத் தூதரிடம் கொடுத்தனுப்பினான். அந்தத் தூதர் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, போர்த்துகீசியக் காவலுக்குத் தப்பிய பிறகே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். ஓலையின் சாரம்: கடலில் நீங்கள் அடையுங்கள், தரையில் நான் அடிக்கிறேன், போர்ச் செலவை நான் தருகிறேன். ஆளுநர் காரல் ரெய்னியர்ஸ் அதைப் படேவியாவுக்கு அனுப்பினார். யோசித்துப் பாருங்கள், நம் பழவேற்காட்டில் ஏதோ ஒரு திண்ணையில் வைத்து அந்த ஓலை பிரிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த இருபது ஆண்டு இலங்கை வரலாறு அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

1638 மார்ச்சில் கன்னொருவையில் ராஜசிங்கன் போர்த்துகீசியப் படையை நொறுக்கினான். மே மாதம் அட்மிரல் வெஸ்டர்வோல்டின் கப்பல்கள் வந்து மட்டக்களப்புக் கோட்டையை வீழ்த்தின. உடனே உடன்படிக்கை. பிடிக்கும் கோட்டைகளில் டச்சுக் காவற்படை இருப்பது பற்றி ஒரு விதி. அரசன் விரும்பினால் மட்டும் என்ற நிபந்தனை அரசனிடம் கொடுத்த போர்த்துகீசிய மொழிப் படியில் இருந்தது, டச்சுப் படியில் இல்லை. இது எழுத்தரின் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1640இல் காலி விழுந்தது, நீர்கொழும்பு விழுந்தது. டச்சுக்காரர் அங்கிருந்து நகரவில்லை. போர்ச்செலவு பாக்கி இருக்கிறது, கறுவாப்பட்டை வந்துசேரட்டும் என்றார்கள். 1656இல் கொழும்பு விழுந்தபோது, கூடவே முற்றுகையிட்ட ராஜசிங்கனின் ஆட்களைக் கோட்டைக்குள் விடாமல் கதவை அடைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் போயின. கடலின் இரு பக்கமும் ஒரே கொடி. சிங்களத்தில் இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினோம் என்று ஒரு சொலவடை உண்டு. இந்தக் காலத்தைப் பற்றித்தான் அதைச் சொல்கிறார்கள்.

ராஜசிங்கனை முட்டாள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அவனுக்குத் தன் தவறு தெரிந்தது. 1672இல் பிரெஞ்சு அட்மிரல் த லா ஹேயின் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தபோது கொட்டியாரக் குடாவை அவர்களுக்குக் கொடுத்தான். மூன்றாவது கப்பல்! டச்சுக்காரர் அவர்களைத் துரத்திவிட்டார்கள். த லா ஹே இந்தக் கரைக்கு வந்து சாந்தோமைப் பிடித்து, 1674 வரை அதற்குள் முற்றுகைப்பட்டுக் கிடந்தார். வெளியே தரையில் கோல்கொண்டாப் படை, கடலில் டச்சுக் கப்பல். 1762இல் கண்டி மறுபடி முயன்றது. மதராசிலிருந்து ஆங்கிலேயரான ஜான் பைபஸ் தூது போனார், பேசினார், உறுதி எதுவும் கொடுக்காமல் திரும்பினார். டச்சுக்காரரோடு செய்த 1766 உடன்படிக்கையில் கண்டிக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. கரையில்லாத அரசனுக்கு எந்தக் கப்பலும் தெரியாது. 1815 வரை இழுத்துக்கொண்டிருந்ததே பெரிது.

4. கப்பல்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் சிற்றரசின் கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1619இல் லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் சமாதானம் செய்துகொண்டன. அதன்படி 1621இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டுக்கே வந்து, கோட்டைச் செலவில் பாதியைக் கொடுத்து, வியாபாரத்தைப் பங்குபோட்டார்கள். அந்த இரண்டாண்டில் உள்ளூர் அதிகாரிகளுக்குப் பேரம் பேச ஆளில்லை. நல்லவேளையாக இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1623இல் ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள், 1626இல் வடக்கே ஆர்மகானில் தனிக்கடை போட்டார்கள்.

இரண்டாம் முறை அவர்கள் பேசிக்கொண்டது 1824 மார்ச்சில். மலாக்காவும் இந்தியாவில் டச்சுக்காரரின் இடங்களும் ஆங்கிலேயருக்கு, சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரருக்கு. 1825இல் பழவேற்காடு கைமாறியது. கேட்க இங்கே அதிகாரத்தில் நாயக்கரும் இல்லை, நவாபும் இல்லை. டச்சுக் கல்லறைக்குப் போயிருப்பீர்கள். வாசல் தூணில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அந்தக் கல்லறைகளின் கதையோடு லண்டனில் கையெழுத்தான இந்தக் காகிதத்தின் கதையையும் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

5. இனி நம் காலம். தெற்காசியாவில் முதல் கப்பல் இந்தியா. மறைக்க வேண்டியதில்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. அண்டை நாடுகள் சீனாவோடு பேசும்போதெல்லாம் நம் தொலைக்காட்சியில் “நன்றி கெட்டவர்கள்” என்று சத்தம் போடுகிறார்கள். சாந்தோமில் 1610இல் இதே சத்தம் கேட்டிருக்கும்.

இலங்கைக்குச் சீனக் கப்பல் புதிதல்ல. 1952இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு, ரப்பர் விலை வீழ்ச்சி. வலதுசாரியான டட்லி சேனநாயக்காவின் அரசு, தூதரக உறவுகூட இல்லாத கம்யூனிஸ்ட் சீனாவோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் போகும், 2,70,000 டன் அரிசி வரும், ஐந்தாண்டுக்கு. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது. கொழும்பு அசரவில்லை. கொள்கை வேறு, சோறு வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1971இல் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது இந்தியா ஹெலிகாப்டரும் போர்க்கப்பலும் அனுப்பியது. பாகிஸ்தானும் உதவியது, சீனா கடன் கொடுத்தது. அதே ஆண்டில் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டாக்காவுக்குப் பறந்தன. பிரதமர் சிறிமாவோ அம்மையார் எத்தனை கப்பல்களை ஒரே நேரத்தில் கண்ணில் வைத்திருந்தார் என்று பாருங்கள்! அதற்குப் பின் இந்தியா கணக்கை மாற்றியது. 1974 ஜூனில் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தைச் சட்டப் புத்தகமாக மட்டும் வாசித்தால் பாதிதான் புரியும். கொழும்பை அருகில் வைத்துக்கொள்ள டெல்லி கொடுத்த விலைகளில் அதுவும் ஒன்று என்று படிப்பவன் நான்.

1987இல் ஆட்டம் தலைகீழ். ஜே.ஆர். ஜெயவர்த்தன அமெரிக்கா, இஸ்ரேல், பாகிஸ்தான் என்று எல்லாப் பக்கமும் பார்த்தார். ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலம் போட்டன. வாஷிங்டனிலிருந்து ஒரு வலுவான சத்தமும் வரவில்லை. இரண்டாவது கப்பல் வரப்போவதில்லை என்பது அன்று கொழும்புக்குப் புரிந்தது. ஜூலை 29 அன்று உடன்பாடு. இணைப்புக் கடிதங்களைப் படித்திருக்கிறீர்களா? திருகோணமலையை இந்தியாவின் நலனுக்கு எதிராக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் கொடுக்கக்கூடாது. எண்ணெய்க் கிடங்கை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து சீர்செய்யவேண்டும். அயல்நாட்டு வானொலி நிலையங்கள் ராணுவத்துக்குப் பயன்படாமல் பார்க்கவேண்டும். தமிழர் பிரச்சினைக்கென்று போட்ட உடன்பாட்டுக்குள் 1610இன் “வேறு ஐரோப்பியர் கூடாது” மறுபடி உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் செல்வாக்கு மூன்றாண்டுகூடத் தாங்கவில்லை. அந்த உடன்பாட்டின்படி போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் திரும்பவில்லை. தமிழர் பக்கம் பட்டதை இந்த மேடையில் ஒரு வரியில் சொல்லிக் கடப்பது நியாயமாகாது, அது தனிச் சொற்பொழிவு.

பிறகு சீனா மறுபடி வந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம், 2014இல் கொழும்பில் சீன நீர்மூழ்கி, 2017இல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகை, 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டியது வேறொன்று. யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள். அவற்றுக்கு மின்சாரம் தரும் சூரிய–காற்றாலைத் திட்டம். டெண்டரில் 2021 ஜனவரியில் சீனக் கம்பெனி ஜெயித்தது. ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரை ஆயிற்றே என்று டெல்லி முறையிட்டது. சீனர் விலகினர். 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா மானியமாகவே கொடுக்க ஒப்பந்தம் ஆனது. கடன் வாங்கிக் கட்டவேண்டியது இலவசமாக வந்தது. நெடுந்தீவில் வசிப்பவருக்கு இதில் என்ன வருத்தம்? தாமர்ல வேங்கடப்பர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

2022 நெருக்கடியில் இந்தியா எரிபொருள், மருந்து, உணவு, கடன் என்று சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. கொழும்பில் பெட்ரோலுக்கு வரிசை நின்ற நாட்களில் சீனா கடனைத் தள்ளிவைக்கக்கூட யோசித்துக்கொண்டிருந்தது. 1987இன் கடிதங்களால் கிடைக்காத நன்மதிப்பு அந்த வரிசையில் கிடைத்தது என்பது என் கருத்து. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டுத் தடை போட்டது இலங்கை. இந்தியாவுக்கு எதிராகத் தன் மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்கவும் டெல்லியில் வந்து சொன்னார். அம்பாந்தோட்டைக் குத்தகை மட்டும் அப்படியே இருக்கிறது. ராஜசிங்கனிடமிருந்து அவர்கள் பாடம் படித்திருக்கிறார்கள்: இரண்டு கப்பலில் எதையும் முழுதாக அனுப்பிவிடாதே.

மாலத்தீவு இதே பாடத்தை வேகமாக ஓட்டியது. 2023இல் “இந்தியாவே வெளியேறு” என்று சொல்லி ஜெயித்து அதிபரான முய்சு, 2024 மே மாதத்துக்குள் இந்திய ராணுவத்தாரை அனுப்பினார். அக்டோபரில் டெல்லிக்கு வந்து நாணயப் பரிமாற்ற உதவி வாங்கிப்போனார். நேபாளம் 2015 எல்லை அடைப்புக்குப் பின் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் போட்டது, இமயம் குறுக்கே நிற்பதால் அந்தக் கப்பல் காகிதத்திலேயே மிதக்கிறது. பூட்டானைப் பற்றிப் பேச நேரமில்லை.

6. பேரத்தில் இல்லாதவர்களிடம் திரும்பி வருவேன் என்று சொன்னேன். முதல் கப்பலும் சிற்றரசும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும்போது, கொடுக்கப்படுவது பெரும்பாலும் மூன்றாம் ஆளுடைய பொருள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எந்த லயத்திலும் யாரையும் கேட்கவில்லை. கச்சத்தீவிலும் அப்படியே. 1974 ஒப்பந்தம் மீனவரும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்களும் தீவுக்குப் போய்வரலாம் என்றது. 1976 மார்ச்சில் கைமாறிய கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றன. ராமேஸ்வரத்து மீனவருக்கு இது தெரியவந்தது கடலில்தான்.

உடனே ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். இன்று யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை அறுபட்டு நிற்பவரும் தமிழ் மீனவரே, அறுப்பது நம் பக்கத்து இழுவைப் படகின் மடி. தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுபவர்கள் மடிவலையைப் பற்றிப் பேசுவதில்லை. 2017இல் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் பெரும்பகுதி மானியம், மூன்றாண்டில் 2,000 படகு என்று இலக்கு. அதில் சிறு பகுதிதான் நடந்தது. கடனும் டீசலும் அனுபவமின்மையும் தடுத்தன.

2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு கரை மீனவப் பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். யாழ்ப்பாணத்தார் இழுவையை நிறுத்தச் சொன்னார்கள், நம்மவர் அவகாசம் கேட்டார்கள். அங்கே எட்டிய நெருக்கம் அரசுகளின் கூட்டுக் குழுக்களில் வரவில்லை. அந்தப் பேச்சை மறுபடி தொடங்கவேண்டும் என்பது என் கோரிக்கை. அதில் பழவேற்காட்டிலிருந்தும் ஒருவர் உட்காரவேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் ஏரியில் பாடு முறையை நடத்திய விதம் உங்களுக்குத் தெரியும். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடத்தில் எவர் எந்த நாளில் சுத்து வலை போடலாம் என்பதைத் தலைக்கட்டுக் கணக்கிட்டுச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தீர்கள். பாடு முறையில் சேர்க்கப்படாத ஊர்களின் மனக்குறையும் உண்மை, அதனால் சண்டையும் வந்திருக்கிறது. ஆனாலும் நாள், இடம், வலை என்று பிரித்துக் கடலைப் பங்கிட முடியும் என்று காட்டியவர்கள் நீங்கள். ராமேஸ்வரத்திலும் வாரத்தில் மூன்று நாள் இழுவைப் படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு உண்டு. பாக் நீரிணையில் இரு நாட்டு மீனவருக்கும் இப்படி ஓர் அட்டவணை போடுவது வெளியுறவு அதிகாரிகளுக்கு வராத வேலை. எந்தக் காற்றில் எந்த வலை எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முகத்துவாரம் தூர்வாருவது பற்றிய கேள்வியை மட்டும் என்னிடம் கேட்காமல், பின்வரிசையில் இருக்கும் மீன்வளத்துறை அதிகாரிகளிடம் கேளுங்கள்.